வாவி குடித்து முடிக்கும்வரை

தேங்காய் உரிமட்டைத் துண்டொன்றை, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துத் தண்ணீரில் எறிந்துவிட்டு, சுதாகரன் அதற்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்தான். மடியில் கச்சான் கடலைச் சுருள். கடைசிக் கடலையை மென்று முடிக்கும்வரை திரும்பிப் பார்க்கமாட்டான். "பாத்துக்கொண்டே இரிந்தா மனம் பொய் சொல்லும். ஓடுற தண்ணியையும் நிண்டிட்டு எண்டு சொல்லும்," என்பான்.

சிலிண்டரை முதுகில் மாட்டி, கரையிலிருந்தே ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போவது அவன் தொழில். படகு கிடையாது. நீந்திப் போகும் தூரத்தில் கற்பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டு ஒன்று இருக்கிறது. கடல் வாவிக்குள் ஏறி முடித்து, வாவி அதைத் திருப்பிக் கக்கத் தொடங்குமுன் தண்ணீர் அசையாமல் நிற்கும் சிறுபொழுது ஒன்று உண்டு. அதற்குள் போய் வந்துவிட வேண்டும். முந்தினால் நீரோட்டம் வாவிக்குள் இழுக்கும். பிந்தினால் கலங்கல் தண்ணீர் வெளிக்கடலுக்குத் தள்ளும். கடலேற்ற நேரத்தைப் போனிலும் பார்ப்பான். ஆனால் அதோடு எழும்பிவிட மாட்டான். "கடல் ஏறி முடிஞ்சிட்டு எண்டு போன் சொல்லுது, சரிதான். வாவி இன்னும் குடிச்சி முடியல்லயே."

அவசரப்படுத்துகிற எவருக்கும், பிறகு பார்க்கலாம் என்பதுதான் அவன் வாயில் ஒரே பதில்: "மறுகா பாப்பம்." சிலிண்டருக்குக் காற்றடைத்துக் கொடுக்கும் காத்தான்குடி நௌஷாட் அவனுக்கு 'மறுகா மாஸ்டர்' என்றே பெயர் வைத்துவிட்டான். "இந்த மனிசன் கலியாண வீட்டுச் சோத்துக்கும் தண்ணி பாத்துத்தான் வருவாரு!"

இன்று ரப்பர் உடையோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அவன் மனைவி கம்சாயினி. அவளுடைய அக்காவைக் கல்லடிக் கரையில் சுனாமி கொண்டுபோனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கடலில் கால் நனைத்ததில்லை, கடலே பிழைப்பான ஒருவனுக்குக் கழுத்தை நீட்டியும்கூட. இத்தனை வருடத்தில் அவன் ஒரு தடவையாவது 'வா' என்று கூப்பிட்டதில்லை. இந்த வருடம் அவளாகத்தான், "எனக்கும் பழக்கித் தாங்க," என்றாள். வாவியின் இடுப்பளவு தண்ணீரில் மூச்சுவிடப் பழகினாள். இன்று காலை தேத்தண்ணிக் கோப்பையை அவனிடம் நீட்டியபடி, "இண்டைக்குக் கடலுக்கு வாறன்," என்றாள்.

வந்தும்விட்டாள். இப்போது இந்தக் காத்திருப்புத்தான் அவளைத் தின்றது. ஒவ்வொரு அலை உடையும்போதும் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கெதியா இறங்குவமே. இன்னும் கொஞ்சம் இரிந்தா நான் எழும்பி வீட்ட போயிருவன்."

இன்று திரும்பிப் போனால் இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்பது அவனுக்கும் தெரியும். அவன் இன்னொரு கடலையை உடைத்தான்.

"போறெண்டாப் போ, கம்சா. நான் கோவிக்க மாட்டன். தண்ணி நிக்காம உன்ன இறக்க மட்டும் ஏலா."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. ஆனால் எழும்பவில்லை. அவள் இனிக் கடலுக்கே வராமல் போனாலும் பொறுப்பானே தவிர, அவளை ஓடுகிற தண்ணீரிடம் கொடுக்கமாட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

கடலை முடிந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். உரிமட்டை போகவுமில்லை, வரவுமில்லை.

"எழும்பு."

இத்தனை காலம் அவள் கறுப்பாகவே நினைத்து வைத்திருந்த கடல், உள்ளே பச்சை வெளிச்சமாக இருந்தது. கற்பாரைச் சுற்றி எண்ணிமுடியாத மீன்கள், ஆளுக்கொரு பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றன. தன் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அக்கா இங்கேயா இருக்கிறாள் என்ற நினைப்பு, முதல்முறையாகப் பயமில்லாமல் வந்தது.

அப்போது மீன்கள் திரும்பின. ஒன்றிரண்டல்ல, எல்லாம், ஒரே கணத்தில். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அத்தனை தலைகளும் வாவியின் பக்கம் நின்றன. பிறகுதான் கன்னத்தில் மெல்லிய தள்ளலை உணர்ந்தாள். வாவி கக்கத் தொடங்கிவிட்டது.

மேலே போவோம் என்று சுதாகரன் கட்டைவிரலைக் காட்டினான். அவள் தலையசைத்து மறுத்தாள். பாறையில் உள்ளங்கையைப் பதித்து, அக்காவை நினைத்துத் தலை குனிந்துகொண்டாள்.

அவன் இரண்டாம்முறை விரல் காட்டவில்லை. அவளைச் சுற்றி நீந்தி, ஓட்டம் வருகிற பக்கமாகப் போய், கல்லை இரண்டு கையாலும் இறுகப் பற்றி, தன் உடம்பைக் குறுக்கே வைத்து அந்தத் தண்ணீரை மறித்துக்கொண்டு நின்றான்.