இரண்டாவது பல்புக்குக் கரண்ட் குறையுமா?

"டார்ச்லைட் பல்ப் இருக்கா பாஸ்?"

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு எலக்ட்ரிகல் கடையில் நின்று இப்படிக் கேட்டேன். கல்லாவில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டார்ச்லைட்டே இருக்குண்ணே. எல்இடி. பளீர்னு அடிக்கும்."

"அது வேணாம். சின்ன கண்ணாடி பல்ப். உள்ளே கம்பி தெரியுமே... அது."

"அதெல்லாம் இப்ப யாருண்ணே வாங்குறா? கிள்ளான்ல போய்ப் பாருங்க லா. ஸ்டேஷன் பக்கம் பழைய கடைங்க இருக்கு."

போனேன். சனிக்கிழமை காலை வீடு இருக்கும் ரவாங்கில் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலைத் தாண்டி, கிள்ளானில் இறங்கினேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் பல்புக்காக இவ்வளவு தூரம் போன ஆள் அன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடைக்காரச் சீன ஆன்டி மேல் தட்டில் கைவிட்டு, தூசி படிந்த ஒரு டப்பாவை எடுத்தார். பல்புகள், அவற்றைத் திருகி மாட்டும் ஹோல்டர்கள், எல்லாம் இருந்தன.

"அனாக் செகோலா?" என்றார். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கா என்று கேட்கிறார்.

"இல்லை ஆன்டி, எனக்குத்தான்" என்று மலாயில் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிக்கத்தானே செய்வார்?

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். வீட்டில் ஃபியூஸ் போனால் மனைவியைக் கூப்பிடுகிறவன் நான். பள்ளியில் அறிவியலைப் பார்த்தாலே ஒதுங்கிப் போனவன். அப்படிப்பட்டவன் பேட்டரி, பல்பு, ஒயர் என்று அலைந்ததற்குக் காரணம் என் மகள் தர்ஷினி.

தர்ஷினி ஃபார்ம் டூ, அதாவது எட்டாம் வகுப்பு, படிக்கிறாள். வீட்டில் இல்லை. போன வருடம் வேறு மாநிலத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் இடம் கிடைத்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான பள்ளி. எல்லோரும் கைகொடுத்தார்கள். நானும் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்து, அவள் அறையில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினேன்... அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் எதற்குக் கை குலுக்கினேன் என்று.

இன்னமும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில், மடித்துத் தரும் அப்பம் பாலிக் வாங்கினால், ஓரம் மொறுமொறுவென்று இருப்பதை ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கிறேன். ஓரத்தைத் தின்னத்தான் வீட்டில் ஆள் இல்லை.

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தான் கைபேசி கைக்கு வரும். அந்த நேரத்துக்காக நானும் என் மனைவி புஷ்பாவும் சோபாவில் தயாராக உட்கார்ந்திருப்போம். புஷ்பா பேசினால் பேச்சு ஓடும். என் முறை வந்தால்?

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"படிப்பெல்லாம்?"

"ஓகே பா."

அவ்வளவுதான். அப்பாக்களே, உங்கள் வீட்டிலும் இதே கதைதானா?

இரண்டு வாரத்துக்கு முன்பு அவள் அழுதாள். அறிவியல் வகுப்பில் ஆசிரியை ஒரு படம் போட்டிருக்கிறார். பேட்டரி, அதிலிருந்து ஒரு பல்பு, அடுத்து இன்னொரு பல்பு, மறுபடி பேட்டரி. எந்தப் பல்பு அதிகப் பிரகாசமாக எரியும் என்று கேட்டாராம். "முதல் பல்பு. அது கரண்ட்ட எடுத்துக்கிட்டு மிச்சத்தத்தான் அடுத்ததுக்கு அனுப்பும்" என்று இவள் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்துவிட்டது.

"எல்லாருக்கும் தெரியுது மா. எனக்கு மட்டும்தான் தெரியல. எனக்கு சயின்ஸ் வராது. நான் வீட்டுக்கே வந்துடுறேன். அங்கயே ரவாங்ல படிக்கிறேன்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். 'வந்துடும்மா. இப்பவே கார் எடுக்கிறேன்' என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. புஷ்பா என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, போனை என் பக்கம் தராமல், "அடுத்த வாரம் பேசிக்கலாம்மா. இந்த வாரம் மட்டும் இருந்து பாரு" என்று முடித்துக்கொண்டாள்.

"ஏன் எங்கிட்ட தரல?" என்றேன்.

"நீங்க வரச் சொல்லிருப்பீங்க."

உண்மை அதுதானே?

அன்று இரவு சாப்பிடும்போது இன்னொரு விஷயம் உறைத்தது. அவள் சொன்ன பதில் எனக்குச் சரியாகத்தான் பட்டது! முதல் பல்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தானே அனுப்பும்? இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்த வகுப்பில் நானும் இருந்திருந்தால், என்னையும் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள்.

அதனால்தான் கிள்ளான் பயணம்.

சனிக்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். ஒயரை எங்கே சுற்றுவது என்று புஷ்பாதான் காட்டினாள். பேட்டரி, பல்பு, பல்பு, மறுபடி பேட்டரி. கடைசி ஒயரைத் தொட வைத்தேன்.

இரண்டும் எரிந்தன. இரண்டும் ஒரே மாதிரி, மங்கலாக.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டும் பார்த்தேன். ஒரே மாதிரிதான்! ஏன் என்று எனக்குப் புரியவில்லை. யூடியூப்பில் பதில் இருக்கும். ஆனால் நான் தேடவில்லை. கேட்பதற்கு எனக்கு ஒரு ஆள் இருந்தது.

ஞாயிறு. வீடியோவில் தர்ஷினி. கண் வீங்கியிருந்தது. சாப்பிட்டியா என்று நான் கேட்கவில்லை. போனை மேசைப் பக்கம் திருப்பினேன்.

"தர்ஷி, எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டும் ஒரே மாதிரி எரியுது. ஏம்மா?"

அவள் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தாள்.

"நீங்களா செஞ்சீங்க?"

"அம்மா ஒயர் பிடிச்சாங்க."

"இருக்காது பா. பல்ப் வேற வேறயா இருக்கும். மாத்திப் போடுங்க."

மாற்றினேன். அதே.

"பேட்டரிய திருப்பிப் போடுங்க."

திருப்பினேன். அதே.

"ஐயோ..." என்றாள். "இப்ப எது பா முதல் பல்ப்?"

எனக்கு எப்படித் தெரியும்?

"சரி, இப்ப உங்க கைப்பக்கம் இருக்கறதுதான் ரெண்டாவது. அத மட்டும் கழட்டுங்க."

கழற்றினேன். இரண்டும் அணைந்துவிட்டன.

"இது என்ன அநியாயம்?" என்றேன். "முதல் பல்புக்குத்தான் கரண்ட் முன்னாடியே வந்துருச்சே. அடுத்தது இல்லன்னா அது ஏம்மா அணையணும்?"

நடிக்கவில்லை. நிஜமாகவே கேட்டேன். திரையில் அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். யோசித்தால் அப்படித்தான் செய்வாள். பார்த்து எத்தனை நாளாயிற்று!

"பா... தைப்பூசத்துக்குப் பத்துமலை படியில நெருக்கிக்கிட்டு ஏறுவோம்ல? மேல ஒருத்தர் நின்னா கீழ இருக்கறவங்களும் நின்னுதானே ஆகணும்? அந்த மாதிரி லா. ஒயர் ஃபுல்லா எலக்ட்ரான் ஏற்கனவே நெருக்கிக்கிட்டு நிக்குது. பேட்டரியில இருந்து ஒண்ணு கிளம்பி, முதல் பல்புக்கு வந்துட்டு அப்புறம் அடுத்ததுக்குப் போறதில்ல. நகர்ந்தா எல்லாம் ஒண்ணா நகரும். நின்னா எல்லாம் நிக்கும்!"

"அப்ப முதல் பல்பு எதையும் எடுத்துக்கலியா?"

"கரண்ட்ட எடுத்துக்காது. ஒரு பக்கம் எவ்வளவு போகுதோ, மறுபக்கம் அவ்வளவும் வெளிய வந்துரும். எனர்ஜியத்தான் பல்ப் வெளிச்சமா சூடா மாத்திக்குது. அதனாலதான் பேட்டரி தீருது." சட்டென்று நிறுத்தினாள். "அச்சோ! லேப்ல அம்மீட்டர எங்க வெச்சாலும் ஒரே ரீடிங் காட்டுச்சு பா. நான் மீட்டர் ரிப்பேர்னு நினைச்சேன்!"

சிரித்தாள். புஷ்பாவும் சிரித்தாள். நான் பல்பைத் திருகுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தச் சிரிப்பு இந்த மேசையில் கேட்டு வெகுநாளாயிற்று.

அவளுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். போனைத் திருப்பிக் கொடுக்கும் நேரம்.

நான் கேட்டே ஆக வேண்டியிருந்தது. "தர்ஷி... வீட்டுக்கு வர்றதப் பத்திச் சொன்னியே. வரணும்னா சொல்லு. அப்பா வந்து கூட்டிக்கிட்டு வரேன்." இந்த முறை புஷ்பா தடுக்கவில்லை.

தர்ஷினி மறுபடி நகத்தைக் கடித்தாள். அந்தச் சில நொடிகளில் நான் எதை விரும்பினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"வேணாம் பா. நாளைக்கு டீச்சர்கிட்ட கேட்டு நானே போர்டுல வரைஞ்சு காட்டப் போறேன். லீவுக்கு வரேன்ல, அப்ப ரெண்டு பல்புக்கும் தனித்தனி ஒயர் குடுத்து பேரலல்ல மாட்டி வேற மாதிரி எரிய வைக்கலாம்."

திரை இருண்டது.

புஷ்பா ஒயர்களைச் சுருட்டி எடுத்து வைத்தாள். "ரொம்ப நல்லா பேசுனா, இல்லீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவு நேரம் அவள் என்னோடு பேசியதே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்ன 'வேணாம் பா'வும் காதிலேயே நின்றது.

நேற்றைய ஞாயிற்றுக்கிழமையும் பேசினாள். போர்டில் வரைந்தாளாம். யாரும் சிரிக்கவில்லையாம். சில நாள் படுக்கும்போது மட்டும் அழுகை வருகிறதாம். "அது பரவால்ல பா, எல்லாரும்தான் அழுறாங்க" என்றாள்.

பிள்ளைகள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கோயிலில் வேண்டிக்கொள்கிறோம். 'எங்கிருந்தாலும்' என்ற வார்த்தையை மட்டும் நான் சாமி காதில் விழாதபடி கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்!