வெள்ளிக்கிழமை திரிந்த பால்

வளைகுடாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு என் கணவர் ஊர் திரும்பியபோது மூன்று பெட்டிகளையும் ஒரு பெருமூச்சையும் கொண்டுவந்தார். பெட்டிகளை ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டோம். பெருமூச்சு தீர்ந்தபாடில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கரண்ட் போனால், "அங்கெல்லாம் போகாது" என்பார். பஸ் வராவிட்டாலும் அதே பாட்டுதான். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சீஸ்.

"நெருப்புல நேராப் போட்டாலும் உருகாது. ரெண்டு பக்கமும் பொன்னிறமா வரி விழும். பேரு ஹலூமி. இங்க எங்கேருந்து கிடைக்கப்போவுது?" இதை அவர் களையெடுக்க வந்த பெண்களிடம்கூடச் சொன்னார். கூலி தருகிறவர் ஆயிற்றே என்று அவர்களும் தலையாட்டினார்கள்.

விஷயம் சீஸ் அல்ல என்று எனக்குத் தெரியும். புது விசா இருப்பதாகத் திருச்சி ஏஜென்ட் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். இவர் மறுபடி கிளம்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம். போகாதீங்க என்று சொல்லவும் வாய் வரவில்லை. எட்டு வருஷமாக "பத்திரமா இருங்க" என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய். அதனால் இங்கே கிடைக்காதவை என்று அவர் வைத்திருந்த பட்டியலில் ஒன்றையாவது அடித்துவிடலாம் என்று இறங்கினேன். பஸ்ஸை நேரத்துக்கு வரவைப்பதைவிட இது சுலபம் என்று நினைத்தேன்.

கும்பகோணத்தில் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சுட்டா உருகாத சீஸா? உருகுனாத்தாம்மா சீஸு. உருகலைன்னா திருப்பிக் கொண்டாந்து குடுப்பீங்க." மஞ்சள் சதுரங்கள் கொண்ட பாக்கெட் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அது என் தோசைக்கல்லில் பசை காய்ச்சியது. பல வருஷம் எண்ணெய் காட்டிப் பழக்கிய கல். இரண்டு நாள் சுரண்டினேன். சுரண்டியபோது சீஸைத் திட்டினேனா, புருஷனைத் திட்டினேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

பிறகு போனில் வீடியோ பார்த்து நானே செய்வதென்று முடிவு செய்தேன். பாலை உறையவைக்க ஒரு மருந்து வேண்டும், அதைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பார்கள் என்றது வீடியோ. மாமியாருக்குத் தெரிந்தால் என்னை மாட்டுக்கொட்டகையிலேயே குடிவைத்துவிடுவார். நல்லவேளை, சைவத்திலும் ஒன்று இருந்தது. வரவழைத்தேன்.

அது வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினோரு மணி பஸ்ஸில் பாஸ்போர்ட்டோடு அவர் ஏஜென்டைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. போவதற்குள் ஒரு வாயாவது சாப்பிடட்டும் என்று விடியும்போதே ஐந்து லிட்டர் பாலை இளஞ்சூடாக்கி மருந்து விட்டேன். உறைந்ததைக் கத்தியால் கீறிக் கிளறிக்கொண்டிருந்தபோது மாமியார் விளக்கேற்றிவிட்டு அடுக்களைக்குள் வந்தார். வெளிர்பச்சைத் தண்ணீரில் வெள்ளைக் கட்டிகள் மிதப்பதைப் பார்த்தார்.

"ஐயையோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா பால் திரிஞ்சுபோச்சே."

"தானா திரியலை அத்தை. நான்தான் திரியவச்சேன்."

"அது இன்னும் மோசம்" என்றவர் நேராக மகனிடம் போனார். "இன்னிக்கு நீ வாசப்படி தாண்டக் கூடாது. சகுனம் சரியில்லை."

இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பதினோரு மணி பஸ் அன்றைக்கென்று பத்து ஐம்பத்தைந்துக்கே வந்து, இவர் இல்லாமல் போனது. சத்தியமாக நான் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால் இதைவிடக் குறைவான பாலில் முடித்திருப்பேன்.

மிச்ச வேலையை நிதானமாகச் செய்தேன். கட்டிகளைத் துணியில் கட்டிக் குழவியைத் தூக்கி மேலே வைத்தேன். அமுங்கியதை வில்லைகளாக்கி பாலிலிருந்து பிரிந்த அதே தண்ணீரில் வேகவைத்து, உப்பும் புதினாவும் தூவினேன். சாயங்காலம் தோசைக்கல்லைச் சாமி பெயரைச் சொல்லிக் காயவைத்து இரண்டு துண்டுகளைப் போட்டேன். உருகவில்லை. அடியில் பொன்னிறம் பிடித்தது. எனக்கு ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டும்போல இருந்தது.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"எப்படி இருக்கு? அங்க மாதிரியே இருக்கா?"

"தெரியலையே."

"தெரியலைன்னா?"

"நான் தின்னதில்லை. அது விருந்தாளிங்களுக்கு. நமக்கு அடுப்பாண்ட நின்னு திருப்பிப் போடுறதுதான் வேலை. எட்டு வருஷமும் அதான்."

யோசித்துப் பார்த்தேன். சாப்பிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நெருப்பைப் பற்றியும் வரியைப் பற்றியும்தான் சொல்லியிருக்கிறார். கைவசம் வைத்திருந்த கிண்டலெல்லாம் மறந்துபோயிற்று. அழுகை வந்தது.

"போகாதீங்க" என்றேன்.

அவர் எழுந்து அடுப்பருகே வந்தார். என் கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கிக்கொண்டார்.

"ஏஜென்டுகிட்ட வரலைன்னு சொல்லிடறேன். நகரு, நான் திருப்புறேன். நீ உட்காந்து தின்னு."