மேல்சரிவு மரங்களின் வெள்ளைக் கோடு

கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் நகத்தால் பீச் என்னும் காட்டுமரம் ஒன்றைச் சுரண்டிக்கொண்டு நின்றார் அண்ணை. தேத்தண்ணி நேரம், மற்றவர்கள் வான் வண்டிக்குள் இருந்தோம். அவரைக் கண்டதும் எனக்குள் எழுந்த முதல் எண்ணம், இந்த மனுசன் எதையோ அழிக்கிறார் என்பதுதான். நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு குளிர்காலம். ஜெர்மனியில் ஹம் நகரத்திலிருந்து விடியப்புறமே புறப்பட்டு, தெற்கே மலைக்காட்டில் மரம் தறிக்கும் ஒரு முதலாளியிடம் நாங்கள் இரண்டு தமிழர் வேலை செய்தோம். அண்ணை சொந்தம் இல்லை. வயதில் மூத்தவர், அவ்வளவுதான். அவருடைய பெண்சாதியும் மகளும் யாழ்ப்பாணத்தில். கையில் நிரந்தர வேலை இருந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அதற்காகவே காய்ச்சலோடும் வேலைக்கு வந்தார்.

காட்டுக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு ஜெர்மன் பெண்மணி. பொந்துள்ள கிழட்டு மரங்களைத் தொடவே கூடாது என்பது அவர் கட்டளை. வடக்குக் குளிர்க்காடுகளில் வாழும் ஒரு சின்ன ஆந்தை இந்த மலைகளிலும் இருந்தது. அதற்குப் பொந்து குடையத் தெரியாது. கறுப்பு மரங்கொத்தி குடைந்து கைவிட்ட பொந்தில்தான் முட்டையிடும். மரம் போனால் ஆந்தையும் போச்சு. அந்த மரங்களில் வெள்ளைச் சாயத்தால் கோடு அடிப்போம்; கோட்டைக் கண்டால் மரம் அறுக்கும் வாள்காரர் விலகிப் போவார்கள். மார்கழியில் கோடு அடித்தவன் நான்.

மாசியில் மேல்சரிவில் ஏழு பொந்து மரங்கள் விழுந்து கிடந்தன. கோடே இருக்கவில்லை என்று வாள்காரர்கள் சத்தியம் செய்தார்கள். அதிகாரி ஒரு பொந்துக்குள் கையை விட்டு, உடைந்த முட்டையோடு வெளியே எடுத்தார்.

விழுந்த மரத்தின் கொப்புகளை விறகுக்கு எடுத்துப்போக எங்களுக்கு அனுமதி உண்டு. அண்ணையின் அறையில் விறகு அடுப்பு. எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? தை மாதம் அவர் மரத்தைச் சுரண்டியதைக் கண்ணால் கண்டேன் என்று அதிகாரியிடமும் முதலாளியிடமும் அடித்துச் சொன்னேன். மரத்தைச் சுரண்டினால் மரநாய் ஏறுகிறதென்று நினைத்து ஆந்தை எட்டிப் பார்க்கும், அதைப் பார்க்கத்தான் சுரண்டினேன் என்றாராம் அண்ணை. நல்ல கதை என்று உள்ளுக்குள் சிரித்தேன். அந்தக் கிழமையோடு முதலாளி அவரை நிறுத்திவிட்டார்.

பங்குனியில் ஒரு நாள் என் மகள் வாசல் சீமெந்தில் பள்ளிக்கூட வெண்கட்டியால் வீடு கீறினாள். மழை பெய்தது. வெளியே வந்து பார்த்தால் வீடு இல்லை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மார்கழி உறைபனியில் சாயக் குப்பியின் வாய் அடைத்துக்கொண்டது. சட்டைப்பைக்குள் மகளின் வெண்கட்டி கிடந்தது. மிச்ச மரங்களுக்கு அதால் கோடு போட்டேன், பிறகு சாயம் அடிப்போம் என்று. அடிக்கவே இல்லை. அவை மேல்சரிவு மரங்கள். பீச் மரத்தின் பட்டை வழுவழுப்பானது. மழைத்தண்ணி உச்சியிலிருந்து அடிவரை வழிந்து ஓடும்.

அடுத்த நாளே அதிகாரியிடம் சொன்னேன். என் வேலையும் போனது. ஆனால் முதலாளி அண்ணையைத் திரும்ப எடுக்கவில்லை. நடந்ததைச் சொல்ல அண்ணையின் அறைக்குப் போனேன்.

"நகத்தில ஒட்டினது வெண்கட்டியெண்டு எனக்குத் தையிலயே தெரியும்," என்றார். "நீ பிறகு வந்து சாயம் அடிப்பாயெண்டு நினைச்சன்."

"விசாரிக்கேக்க ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"நீயே சொல்லுவாயெண்டு பாத்துக்கொண்டு நிண்டன்." பிறகு கேட்டார்: "நான்தான் அழிச்சனெண்டு உண்மையாவே நம்பினனியோ?"

இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். "ஓம் அண்ணை," என்றேன். அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

அவருடைய பெண்சாதியும் மகளும் வந்து சேர மேலும் நாலு வருடம் ஆனது. மகளை இப்போதும் தமிழ்க் கடையில் காண்பதுண்டு. "சுகமோ மாமா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அண்ணை என்னைப் பற்றி வீட்டில் ஏதாவது சொல்லியிருப்பார் என்ற சந்தேகத்தில் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தை உற்றுப் பார்க்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்தால், அவர் ஒன்றுமே சொல்லவில்லை.