அம்மா வாய் திறந்து ஜெபித்த வியாழக்கிழமை

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, எனக்கு நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச வராது. அதனால்தான் இந்தச் சாட்சியை எழுதிக் கொடுக்கிறேன். சொல்லாமலேயே விட்டுவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது பாலமும் கால்வாயும்தான்.

ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம் உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். பிறகு ரயில்வேயிலும் குறைக்கத் தொடங்கினார்கள். என் அப்பா ரயில்வே பட்டறையில் பிட்டர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸ் வீட்டில்தான் நான் பிறந்தேன், வளர்ந்தேன். அந்த வருஷம் அப்பாவுக்கும் வேலை போயிற்று. கோட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வேலை போனவர்களைக் குடும்பத்தோடு ஊருக்கு அனுப்பக் கப்பல் வைத்திருந்தார்கள். எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது நான் கோலாலம்பூரில் டெக்னிக்கல் பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். சிவில் என்ஜினியரிங். ஹாங்காங் போய்ப் பட்டமே வாங்கிவந்தவர்கள் சிலர் உண்டு. எங்கள் வீட்டு நிலைக்கு அது எட்டாது. எங்களுக்கு எட்டியது இந்த மூன்று வருஷப் படிப்பு. நில அளவை, சாலை, பாலம், வடிகால், வரைபடம் எல்லாம் உண்டு. தேறினால் பி.டபிள்யூ.டி.யில் வேலை. அதிலும் அந்த வருஷம் நன்றாகத் தேறியவர்களைத்தான் எடுப்பார்கள் என்று பேச்சு.

அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சொன்னார். “நீ பாஸ் பண்ணா நாம இங்க இருப்போம். இல்லன்னா எல்லாரும் கப்பல் ஏறுவோம். அவ்வளவுதான்.” சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். ஊர் என்று அவர்கள் சொல்லும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தை நான் பார்த்ததே இல்லை. அங்கே எங்களுக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. அங்கே போய் நான் என்ன செய்வேன்? மாடு பிடிக்கக்கூடத் தெரியாது எனக்கு.

பட்ட காலிலே படும் என்பார்களே, அதுதான் நடந்தது. பரீட்சைக்கு முன்னால் எங்களைக் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊருக்கு வடிகால் அளக்கக் கூட்டிப் போயிருந்தார்கள். சதுப்பு நிலம். கொசு மொய்த்தெடுத்தது. திரும்பி வந்ததும் மலேரியா. முதல் முறை மருந்தில் அடங்கிவிட்டது. நானும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். பரீட்சை வாரம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே முதுகுத்தண்டில் குளிர் ஏறியது. எனக்குப் புரிந்துவிட்டது.

முறைக்காய்ச்சல் கண்டவர்களுக்கு அதன் குணம் தெரியும். ஒரு நாள் அடித்துப் போடும், மறுநாள் விட்டுவிடும், அதற்கு மறுநாள் அதே நேரத்துக்குக் கதவைத் தட்டும். எனக்கு அது உச்சிவெயில் வேளைக்கு முன்னால் வரும். முதலில் குளிர், அப்புறம் நெருப்பு, சாயங்காலம் வேர்வை. பரீட்சை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துப் பரீட்சை திங்களும் புதனும். இரண்டும் காய்ச்சல் இல்லாத நாள். வியாழக்கிழமை மட்டும் காய்ச்சல் முறை. அன்றைக்குத்தான் நில அளவையில் செய்முறைப் பரீட்சை. அதில் தவறினால் மற்றதில் என்ன வாங்கினாலும் பயன் இல்லை.

மலேரியாவுக்குக் கொயினா மருந்து சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன். பாதி வாந்தியில் போய்விடும். மீதி பாதி காதில் போய் இரைந்தது. ரயில் லைனுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவனுக்கு இது பெரிய வேடிக்கை. வருவது நிஜ ரயிலா, கொயினா ரயிலா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

செய்முறைப் பரீட்சையை இரண்டு குழுவாக வைத்திருந்தார்கள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. பெயர் வரிசைப்படி. சாமுவேல் என்று பெயர் வைத்த பாவத்துக்கு நான் மத்தியானக் குழு. திங்கட்கிழமை பரீட்சை முடிந்ததும் எங்கள் ஆசிரியரான வெள்ளைக்காரத் துரையிடம் போய் என்னைக் காலைக் குழுவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். அவர் கெட்டவர் அல்ல. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். ஒருவனுக்கு மாற்றினால் எல்லோரும் வந்து நிற்பார்கள், முடியாது என்று சொல்லிவிட்டார். மனுஷர் பக்கத்துக் கதவு அத்தோடு மூடிக்கொண்டது.

எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. பாயில் உட்கார்ந்து அப்பா, அம்மா, நான் என்று ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிப்போம். யார் என்ன கேட்கிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்பா சுருக்கமாக என் படிப்புக்காகக் கேட்பார். நான் சுருக்க மாட்டேன். “ஆண்டவரே, வியாழக்கிழமைக் காய்ச்சலை எடுத்துப்போடும், எடுக்காவிட்டால் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளும், தள்ளாவிட்டால் மூன்று மணிக்கு மேல் வரச்செய்யும்” என்று அவருக்கே அட்டவணை போட்டுக் கொடுப்பேன். அவ்வளவு பயம் எனக்கு.

அம்மா மட்டும் என் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. அண்டை வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்காக ஜெபிப்பாள், சபைக்காக ஜெபிப்பாள், கப்பல் ஏறுகிறவர்களுக்காக ஜெபிப்பாள். பெற்ற பிள்ளை பக்கத்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறேன், என் பேர் வரவில்லை. செவ்வாய்க்கிழமைக் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். சாயங்கால ஜெபத்தில் அன்றைக்கும் எனக்காக வாய் திறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. புதன்கிழமை பரீட்சை எழுதிவிட்டு வந்து அடுப்படியில் கேட்டேவிட்டேன்.

“ஊரு பூரா உள்ளவங்களுக்கு ஜெபிக்கிற. எனக்கு ஏம்மா ஜெபிக்க மாட்டேங்குற?”

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பொய்யா ஜெபிக்க எனக்கு வரலடா சாமு. நீ பாஸ் பண்ணா நாம இங்கயே இருந்துருவோம். எனக்கு எங்க அக்காவப் பாக்கணும்.”

அவ்வளவுதான் சொன்னாள். பெரியம்மாவை நான் பார்த்தது கிடையாது. தாயில்லாத என் அம்மாவை வளர்த்து, கல்யாணம் செய்து கொடுத்து, கப்பலில் ஏற்றிவிட்டவள் அவள்தான். அம்மா ஏறியதிலிருந்து ஒரு முறைகூடத் திரும்பிப் போனதில்லை. கோட்டர்ஸில் எல்லோரும் கப்பல் என்று சொல்லி அழுதுகொண்டிருந்தபோது, என் அம்மாவுக்கு மட்டும் அது அக்காவின் முகமாக இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் போயிற்றே!

நான் நல்ல பிள்ளையாக அப்போது அம்மாவுக்காக இரங்கினேன் என்று எழுத ஆசை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு இன்னும் பயம்தான் வந்தது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு விதமான விண்ணப்பம் போனால் ஆண்டவர் யாருடையதைக் கேட்பார்? அம்மா என்னைவிட நல்லவள். அவள் நோன்பிருந்து ஜெபிக்கிறவள். நான் தேவை வந்தால் மட்டும் முழங்கால் போடுகிறவன். நான் தோற்றேன் என்றே முடிவுசெய்துவிட்டேன். அன்று சாயங்காலம் ஜெபத்தில் என் முறை வந்தபோது, “ஆமென்” என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

வியாழக்கிழமை விடிந்தது. புறப்படுவதற்காக வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஜெபம் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அம்மா உள்ளேயிருந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் மாவு. அண்டை வீட்டுக்காரர்கள் குழாயடியில் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை, சத்தமாகவே ஜெபித்தாள்.

“ஆண்டவரே, இத்தன நாளு நான் வாயைத் தொறக்கல. ஏன்னு உமக்குத் தெரியும். எங்க அக்காவ நான் பாக்காட்டியும் போகுது. இந்தப் பிள்ளைய இன்னைக்குக் கைவிட்டுறாதேயும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போ, நேரமாச்சு” என்று உள்ளே போய்விட்டாள். காய்ச்சலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக இருந்தால் மணிக்கணக்கோடு சொல்லியிருப்பேன்.

பரீட்சை வைத்த இடம் ஏரித்தோட்டம் என்ற பூங்காவுக்குப் பக்கம் ஒரு மேட்டு நிலம். காலைக் குழு நல்ல வெயிலில் முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு இறங்கியது. எனக்கு அதற்கு முன்பே குளிர் தொடங்கிவிட்டது. ஒரு நிமிஷம்கூடத் தப்பவில்லை. ஆண்டவரே, நான் கேட்ட மூன்றில் ஒன்றுகூடவா கிடையாது என்று மனசுக்குள் அழுதேன். என் கூட்டாளி முத்துசாமி, கிள்ளான்காரன், அளவுகோலைப் பிடிக்க வேண்டியவன், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதைக் குடிக்க முடியாமல் பல் கிட்டியது.

லெவல் கருவியை மூன்று காலில் நிறுத்தி, அதிலுள்ள குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தால்தான் அளவு எடுக்க முடியும். விரல் நுனி வேலை அது. என் கை கிடுகிடுவென்று ஆடியது. குமிழி இந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கம் ஓடும். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அந்த நேரத்தில் என்ன ஜெபித்தேன் என்று கேட்டால், ஒன்றும் ஜெபிக்கவில்லை. என் வாயிலிருந்து வந்தது “அம்மா” என்ற ஒரு சொல்தான்.

கோலாலம்பூரில் மத்தியான மழை புதுசா என்று நீங்கள் கேட்கலாம். புதுசு இல்லை. ஆனால் அது பெரும்பாலும் சாயங்காலத்தை ஒட்டித்தான் வரும். அன்றைக்குத் துரை எங்களைத் அளவெடுக்கத் தொடங்கச் சொல்லும் முன்பே மேற்கே கருத்துக்கொண்டு வந்து, பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பித்தது. பிறகு கொட்டியது. கருவிகளை மூடச் சொல்லித் துரை கத்தினார். எல்லோரும் தூக்கிக்கொண்டு கூலிக்காரர்களின் கொட்டகைக்கு ஓடினோம். முத்துசாமிதான் கருவியை ஒரு தோளிலும் என்னை மறு தோளிலும் தாங்கிக்கொண்டு ஓடினான்.

காய்ச்சல் நெருப்பாக ஏறியது. ஒரு மூலையில் தார்ப்பாயைப் போர்த்துக்கொண்டு கிடந்தேன். மழை விடும் என்று பார்த்தார்கள். விடவில்லை. விடுகிற மாதிரி தெரியும், மறுபடி பிடிக்கும். துரை வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில், மத்தியானக் குழுவுக்கு நாளைக் காலையில் பரீட்சை என்று அறிவித்தார். பையன்கள் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். முத்துசாமி குனிந்து என் காதில் சொன்னான். “டேய், நாளைக்கு உனக்குக் காய்ச்சல் இல்லாத நாளுலா. உங்க சாமி கெட்டிக்காரருதான்.”

நான் தார்ப்பாய்க்குள் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். காய்ச்சலில் உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை எனக்கு உடம்பில் பலம் இல்லை. ஆனால் கை ஆடவில்லை. குமிழி நடுவில் வந்து நின்றது. இந்த வேலையில் எந்தக் குறியிலிருந்து புறப்பட்டோமோ, அளந்துகொண்டே சுற்றி அதே குறிக்குத் திரும்பிவர வேண்டும். கணக்குப் போட்டால் முதலில் இருந்த உயரமே வர வேண்டும். எனக்கு மயிரிழை வித்தியாசத்தில் வந்தது. துரை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சனிக்கிழமை காய்ச்சல் தன் முறைக்குச் சரியாக வந்து என்னைப் படுக்கையில் போட்டது. அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. காய்ச்சலை ஆண்டவர் தொடவே இல்லை. நான் போட்டுக் கொடுத்த அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, தம்முடைய வழியில் என்னைத் தாங்கியிருக்கிறார்.

தேறினேன். கிள்ளானில் வேலை கிடைத்தது. அப்பாவையும் அம்மாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வரிசைக்காரர்கள் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல் ஏறிய அன்று வழியனுப்பப் போயிருந்தோம். அம்மா ஒரு பொட்டலம் முறுக்கை ஒரு பெண்ணிடம் கொடுத்து, அக்கா வீட்டில் சேர்த்துவிடச் சொன்னாள். கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. திரும்பி வரும்போது, மத்தியானத்துக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டாள்.

அன்றிலிருந்து என் ஜெபம் மாறிவிட்டது. இப்போதும் நான் பயந்தாங்கொள்ளிதான். மதகு கட்டினால் தண்ணீர் வருகிறவரை எனக்குத் தூக்கம் இல்லை. ஆனால் ஆண்டவருக்கு வழி சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். உள்ள பயத்தை உள்ளபடி சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். உங்களில் யாராவது இன்று கதிகலங்கி நின்றால், நீங்களும் சொல்லிப் பாருங்கள். அழகாகச் சொல்ல வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் கேட்பார். இன்னொன்றும் சொல்கிறேன். உங்களுக்குப் பதில் கிடைத்திருந்தால், உங்களுக்காக எதை விட்டுக்கொடுத்து வீட்டில் யார் ஜெபித்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

எனக்கு இப்போதுதான் நீண்ட விடுப்பு கிடைத்திருக்கிறது. அடுத்த கப்பலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பெரியம்மா படுக்கையில் இருக்கிறாளாம். கண் சரியாகத் தெரியவில்லையாம். போய்ச் சேருகிறவரை அவள் இருக்க வேண்டுமே என்று கப்பல் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அக்காவைப் பார்க்க வேண்டும் என்ற விண்ணப்பத்தை அம்மா எனக்காக வாசலில் நின்று விட்டுக்கொடுத்தாள், அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து அது வரவில்லை. இப்போது எங்கள் வீட்டு ஜெபத்தில் அதை நான்தான் சத்தமாகக் கேட்கிறேன். சபையாரே, நீங்களும் எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.