ஆறாம் இயல் வாசிக்கப்படவில்லை

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை அம்மாவின் ஆய்வேட்டுப் பக்க எண்களைச் சரிசெய்தது. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் வீட்டுச் சமையலறையில், ஒரு சனிக்கிழமை. சந்திரகாந்தி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். மென்பொருள் சோதனை வேலை பார்க்கும் மிதுசா, அம்மாவின் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அட்டைக்கும் ஏனடி நம்பர் போடுது? சொன்னாலும் கேக்குதில்லை.”

“அதுக்குக் காது இல்லை அம்மா. நீங்கள்தான் செக்‌ஷன் பிரிக்கேல்லை.”

“இருவத்திநாலு வருசம் நூறு பேருக்குச் சமைச்சன். ஒருத்தரும் என்னைச் செக்‌ஷன் பிரிக்கச் சொல்லேல்லை.”

ஐந்து நிமிட வேலை. பக்கம் ஒன்று முன்னுரையில் போய் நின்றது. மொத்தம் நூற்றிருபத்தெட்டு.

“இனி அனுப்பலாமோ?”

“பொறு. இன்னும் ஒரு கோல் எடுக்கவேணும்.”

அந்தத் தொலைபேசி அழைப்பு யாருக்கு என்று மிதுசா கேட்கவில்லை. லீக்ஸ் கறி நன்றாக இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, தான் சமையல் வேலை பார்த்த முதியோர் இல்லத்தின் உடைமாற்றும் அறையில் சந்திரகாந்தி விழுந்தார். மூளையில் இரத்தக்கசிவு. வயது ஐம்பத்தேழு.

இருபத்தொரு வயதில், இலங்கையின் கிழக்கே வாகரைப் பக்கம் கடலோர வேடர் ஊர் ஒன்றில் அவர் தொண்டர் ஆசிரியராக இருந்தார். தேன் எடுக்கும் மாதங்களில் வகுப்பு பாதி காலியாகும். வருகைப் பதிவேடான இடாப்பில் ‘வரவில்லை’ என்று குறிப்பார். காட்டிலிருந்து திரும்பும் பிள்ளைகளை வெயிலில் முழங்காலில் நிறுத்துவார். பிறகு போர், ஜெர்மனி, முதியோர் இல்லத்துச் சமையலறை. நாற்பத்தெட்டு வயதில், வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டு கல்வியியல் படிக்கப் போனார். முதுகலை ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது அந்த இடாப்பைத்தான்: வராத நாட்களில் அந்தப் பிள்ளைகள் எங்கே, யாரிடம், என்ன படித்தார்கள்? முன்னுரையின் முதல் வரி இது: ‘நான் இடாப்பைப் பிழையாகக் குறித்தேன்.’

செத்தவீட்டுக்குப் பின், அம்மாவின் ஆய்வை வழிநடத்திய பேராசிரியை மிதுசாவுக்கு எழுதினார். ஆய்வேடு கொடுக்கும் தவணை முடிய நான்கு நாள் இருக்கிறது. முழு ஆய்வேடும் அதற்குள் வந்தால் பட்டத்தை இறந்தவர் பெயரில் வழங்கலாம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்றே மிதுசா கோப்பை அனுப்பினாள். சந்திரகாந்தி கடைசியில் பட்டம் எடுத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் அழுதார்கள். மிதுசாவுக்கும் அந்த நாட்களில் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

அடுத்த வாரம் அம்மாவின் தொலைபேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. ஜசிந்தா என்று பெயர் காட்டியது.

“ரீச்சர், ஆறாவத எப்ப வாசிச்சுக் காட்டுவீங்க? ஞாயிறு எல்லாரும் வந்து குந்தி இருந்தம். நீங்க கோல் எடுக்கல்ல.”

மிதுசா அழைத்து, அம்மா இறந்ததைச் சொன்னாள். கோழிச் சத்தத்துக்கிடையே ஜசிந்தா அங்கிருந்தவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு மறுபடி பேசினார்.

“என்னையும் முழங்கால்ல வெச்சவதான், மகள். போன வருசம் கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டா. மன்னிப்பு வேணாம், எங்களப் பத்தி எழுதினத எங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டுப் படிக்கிற இடத்துல குடுங்க எண்டன். அஞ்சு முடிஞ்சிது. ஆறாவதுல என்ன கிடக்கு?”

மிதுசா கோப்பைத் திறந்தாள். எந்த மாதம், எந்தக் காட்டுத்துண்டில் தேன், இடங்களின் பெயர்கள், ஒரு வரைபடம்.

“நீங்கள் எல்லாரும் சம்மதமெண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறியள்தானே, அக்கா?”

“கதைச்சதுக்குப் போட்டம். இடத்துக்குப் போடல்ல. அந்தப் பேருகள் வெளிய போனா ஆராரு அந்தக் காட்டப் பிடிக்க வருவாங்க எண்டு எங்களுக்குத் தெரியும். உங்கட அம்மாக்கும் தெரியும்.”

அம்மாவின் குறிப்பேட்டில் ஐந்து இயல்களுக்கு எதிரே தேதியும் ‘சரி’யும் இருந்தன. இரண்டாம் இயலில் அவர்கள் சொல்லி பதினொரு பக்கம் வெட்டியிருந்தார். ஆறுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

ஆறாம் இயலை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று மிதுசா பேராசிரியையிடம் கேட்டாள். முடியாது, இறந்தவரின் எழுத்தில் இன்னொருவர் கைவைக்க இயலாது என்றார் அவர். இப்படியே விட்டால் பட்டம் உண்டு, ஆய்வேடு நூலகத்தின் இணையதளத்தில் ஏறும். திரும்பப் பெற்றால் பட்டம் இல்லை.

இரண்டு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள், ஆய்வேட்டைத் திரும்பப் பெறும் அன்ட்ராக் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கொலோனிலிருந்து மாமா குணசேகரம் அழைத்தார். “பெத்த தாயின்ர பட்டத்தைத் திருப்பி வாங்கின பிள்ளை உலகத்திலயே நீ ஒருத்திதான்.”

“ஓம் மாமா,” என்றாள்.

ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டதாக ஜசிந்தாவுக்குச் செய்தி அனுப்பினாள். ஞாயிறுதோறும் நாங்கள் இருப்போம், நீ வாசி என்று பதில் வந்தது. ஆய்வேடு ஜெர்மனில் இருக்கிறது. அம்மா வரிவரியாகப் பார்த்து, வாயாலேயே தமிழாக்கிச் சொல்லியிருக்கிறார். காட்டு மரங்களுக்கு மிதுசாவிடம் தமிழ்ப் பெயர்கள் இல்லை.

ஆறாம் இயல் பத்தொன்பது பக்கம். அம்மா மிச்சம் வைத்த அந்த அழைப்பு இன்னும் எடுக்கப்படவில்லை.