என் செத்தவீட்டுக்கு வந்தவர்கள்

நான் செத்துக் கிடந்தது எங்கள் வீட்டுக் கராஜில். நல்ல வெயில் எரித்த ஒரு சனிக்கிழமை பின்னேரம். வேட்டி உடுத்தி, வாய்க்கட்டுக் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிந்து, தலைமாட்டில் குத்துவிளக்கும் ஏற்றியிருந்தார்கள். மூக்கின்மேல் ஓர் இலையான் பறந்து வந்து குந்தியது. “அத்தான், ஆடாதேங்கோ, ஆடாதேங்கோ!” என்று மச்சான் கத்தினான். பிணத்துக்கும் புத்தி சொல்லுகிற தொழில் சினிமா ஒன்றுதான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

மச்சான் என்றது என் மனைவியின் தம்பியை. ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தில் பார்சல் வான் ஓட்டுகிறான். ஓய்வுநாள் வந்தால் இயக்குநராகிவிடுவான். அவனுக்குப் பிடித்தது ஒரே வகை அமெரிக்கப் படம். பட்டணத்து ஆள் ஒருவன் நாட்டுப்புறத்துக்கு வருவான். அங்கே ஒரு சாவு. ஊர்ச்சனம் எதையோ மறைக்கிறது என்று துப்புத் துலக்கப் புறப்படுவான், போகிற இடமெல்லாம் மூக்குடைபடுவான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பும் வரும், வயிற்றையும் கலக்கும். அப்படி ஒன்றை எங்களுடைய ஆட்களை வைத்து எடுக்கவேண்டும் என்று நெடுநாளாக ஆக்கினை தந்துகொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே நாட்டுப்புறம் எங்கள் ஊர். துப்பறிபவனாக நடிப்பது அவனேதான். அந்த வெயிலிலும் நீளமான குளிர்கோட்டு. வசனம் பாடமாக்க எனக்கு ஏலாது என்று சொன்னதால் என் பங்குக்குப் பிணம் கிடைத்தது.

எங்கள் ஊர் மூன்ஸ்டர் நகரத்திலிருந்து பேருந்தேறிப் போகவேண்டிய ஒரு கிராமம். சோளவயல், செங்கல் வீடுகள், பன்றிப் பண்ணை, ஒரு தேவாலயம். அங்குள்ள முதியோர் இல்லத்தில் மனைவிக்கு வேலை கிடைத்ததால் டோர்ட்மண்டை விட்டு வந்தோம். ஊர்ச்சனத்தைப்பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. டோர்ட்மண்டில் கல்யாணவீடு, பிறந்தநாள் என்று போனால், பக்கத்து வீட்டுக் கிழவர் எங்களுக்குக் குப்பைப் பை வைக்கச் சொல்லித்தந்த விதத்தை நடித்துக் காட்டுவேன். விரலை நீட்டி, மூக்கால் பேசி, நல்ல கைதட்டு வாங்குவேன். பெண்சாதியை இழந்தவர், உழவு இயந்திரம் திருத்திப் பிழைத்தவர், தனியே இருந்தார். அவரைப்பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் தெரிந்துகொள்ள நான் மினக்கெடவில்லை.

மச்சானின் கதையில் சந்தேகம் விழுவதும் பக்கத்து வீட்டுக் கிழவர் மேல்தான். நான் நடித்துக் காட்டியதைப் பார்த்துத்தான் அந்தப் பாத்திரமே அவனுக்கு வந்ததாம். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

மனைவிக்கு இந்தக் கூத்தில் மனமே இல்லை. “உயிரோட இருக்கிற மனுசனுக்கு வாய்க்கட்டுக் கட்டுறதோ? விசரே உனக்கு?” என்று தம்பியைத் திட்டினாள். தாலியைக் கண்ணில் ஒற்றிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். பிறகு என் தலைமாட்டில் குந்தி, முதலில் சும்மா சிணுங்கினாள். யாழ்ப்பாணத்தில் அவளுடைய அப்பா செத்தபோது எங்களால் போக முடியவில்லை. காரியங்கள் முழுவதையும் வீடியோவில்தான் பார்த்தாள். அன்றைக்கு அழாத அழுகை அந்தக் கராஜில் வந்து பிடித்தது. “என்ர ராசா, என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டியளே” என்று நெஞ்சில் அடித்து அழுதாள். மூடின கண்ணுக்குள் எனக்கே தண்ணீர் வந்துவிட்டது.

வெளிச்சத்துக்காகக் கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தோம். கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாராம். மச்சான் கைத்தொலைபேசியை அவர் பக்கம் திருப்பி அதையும் எடுத்துக்கொண்டான். கிழவர் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். “அத்தான், அந்தாளின்ர பார்வை இருக்கே, அசல் கொலைகாரன்” என்றான் மச்சான். நான் எழும்பியிருந்து வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டுச் சிரித்தேன்.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஆகக் கிட்டடி அயலவர்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டும். பெட்டி தூக்க ஆள் சேர்ப்பதும், குடும்பத்துக்கு முன்னால் நின்று ஓடியாடிச் செய்வதும் அவர் பொறுப்பு. அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாலே ஊருக்குச் செய்தி விளங்கிவிடும். உண்மையோ என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்களுக்கு இது எதுவும் தெரியாது. எங்களுக்கு ஆகக் கிட்டடி அயலவர் அவர்தான் என்பதையும் நான் யோசித்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. நான் குசினியில் மிஞ்சிய புட்டைச் சீனி போட்டுத் தின்றுகொண்டிருந்தேன். மணி அடித்தது. மனைவி போய்க் கதவைத் திறந்தாள். தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே வந்திருந்தார்கள். கறுப்பு உடுப்பில் வாசல் நிறையச் சனம். முன்னால் கிழவர். கறுப்புக் கோட்டு, கறுப்புக் கழுத்துப்பட்டி. பின்னால் பெட்டி தூக்கவென்று தோள் அகன்ற ஆண்கள். ஒரு பெண்ணின் கையில் பெரிய தட்டில் கேக். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலார்தான் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்பது எங்களுடைய வழக்கம் மட்டுமென்று நினைத்திருந்தேன்.

ஒருவர் பின் ஒருவராக மனைவியின் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்கு அந்தச் சொல் விளங்காமல் இருக்குமா? வாய் திறந்தால் என்ன சொல்வது? எல்லோருக்கும் “நன்றி, நன்றி” என்று மட்டும் சொன்னாள்.

எனக்கும் விளங்கிவிட்டது. எழும்பினேன். இரவு எங்கள் வீட்டிலேயே படுத்த மச்சான் மாடிப்படியில் கைத்தொலைபேசியைப் பிடித்தபடி நின்றான். “அத்தான், வெளிய வரவேண்டாம். ஒரு நிமிசம். தெய்வமே, எவ்வளவு நல்லா வருது!” என்று கையால் மறித்தான்.

நான் நின்றுவிட்டேன். அவனுடைய படத்துக்காக நின்றேன் என்று சொன்னால் பொய். என்னைப்பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும் ஆசை. வாயில் புட்டோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று சொந்தச் செத்தவீட்டுக் கதை கேட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு பெண் சொன்னாள், பேருந்தில் எப்போதும் தனக்கு இடம் தந்த மனிதர் நான் என்று. அது நான் மறந்துபோன விஷயம். பூசையில் அவருக்காக மன்றாடினோம், உங்கள் சமயத்தில் அது பிழையென்றால் மன்னியுங்கள் என்றார் ஒருவர். பிறகு கிழவரின் குரல். “அவரை ஒருநாள் கோப்பிக்குக் கூப்பிடவேண்டும் என்று வந்த நாளிலிருந்து நினைத்தேன். குப்பையைப்பற்றி மட்டும்தான் கதைத்தேன்.” கிழவர் அழுதார். அழுது பழகாத ஆணின் அழுகை; இருமல் போல விட்டுவிட்டு வந்தது.

அதோடு என்னால் நிற்க முடியவில்லை. வெளியே போனேன். ஒருத்தி வீரிட்டுக் கத்தினாள். கேக் தட்டு சரிந்தது. நல்லகாலம், யாரோ பிடித்துவிட்டார்கள். “படம்... நாங்கள் ஒரு படம் எடுத்தோம்” என்று உளறினேன். பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார், இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனால் அந்த வழியையும் நேற்றே முடித்துவிட்டேனே!

கிழவர் கிட்ட வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். “கடவுளுக்கு நன்றி” என்றார். அவர் சொன்னது மெய்யாகவே. பிறகு சனத்தின் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டார். நான் அல்ல, அவர். சரியாக விசாரிக்காமல் சொல்லிவிட்டேன், பிழை என்னுடையது என்றார். கைத்தொலைபேசியைக் கண்டபோது இலங்கையிலுள்ள சொந்தக்காரருக்குப் பிடித்து அனுப்புகிறீர்கள் என்று நினைத்தாராம். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் அப்படித்தான் செய்கிற சனம். அன்று பின்னேரம் அவர் மறுபடியும் ஒவ்வொரு வீடாகப் போய் நான் உயிரோடு இருப்பதைச் சொன்னார். நானும் வரவா என்று கேட்டேன். “இது அயலவரின் வேலை” என்று சொல்லிவிட்டுத் தனியே நடந்தார். கேக்கை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள். மனைவி அதைத் தொடவில்லை. நான் தின்றேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மச்சானைப் பிடித்து, அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தது ஒன்றும் படத்தில் வரக்கூடாது என்றேன். “அத்தான், எவ்வளவு காசு குடுத்தாலும் இப்பிடி நடிக்க ஒருத்தராலும் ஏலாது. இது தங்கம்” என்றான். மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “அதைப் போட்டியெண்டால் இந்தப் படி மிதிக்காதை.” அவன் முகம் கறுத்துப்போனது. சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னான்: “வெட்டிப்போட்டன் அத்தான். பிள்ளையாராணை.” பிள்ளையாரைச் சாட்சிக்கு இழுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். நான் போய் ஒருமுறை பார்க்கக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சோம்பல், வேறொன்றுமில்லை.

படத்தை டோர்ட்மண்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் காட்டினார்கள். தானும் வரலாமா என்று கிழவர்தான் கேட்டார். நீங்கள் செத்த படத்தை நான் பார்க்கத்தானே வேண்டும் என்று முதல்தடவையாகப் பகிடி விட்டார். அந்தச் சந்தோஷத்தில் கூட்டிக்கொண்டு போனேன். மனைவிக்கு அன்று வேலை. கிழவர் அதே கறுப்புக் கோட்டைப் போட்டு வந்திருந்தார். அவரிடம் இருந்த நல்ல கோட்டு அது ஒன்றுதான்.

படம் பாதிக்கு மேல் போகும்போது எங்கள் வீட்டு வாசல் வந்தது. கறுப்பு உடுப்புச் சனம் வந்தது. கிழவரின் முகம் திரை முழுக்க வந்தது. அவர் இருமி இருமி அழுவதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் தவில் அடிக்கவிட்டிருந்தான் மச்சான். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் ஒரு அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. அப்படிச் சிரிக்க அவர்களைப் பழக்கிவிட்டவன் நான். அதே மண்டபத்தில் விரலை நீட்டி மூக்கால் பேசிக் காட்டியவன் நான்தானே. “வாருங்கள், போவோம்” என்று கிழவரின் காதில் சொன்னேன். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “இருங்கள்” என்றார்.

முடிந்ததும் மச்சான் மேடையேறி, எங்களுடைய ஜெர்மன் நடிகரை அழைக்கிறேன் என்றான். யாரோ பொன்னாடை கொண்டுவந்து போர்த்தினார்கள். ஒலிவாங்கியை அவர் கையில் திணித்தார்கள். கிழவர் தோளிலிருந்த சரிகையைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். தன் மொழியான டொச்சில் சொன்னார்: “நான் நடிக்கவில்லை. இவர் செத்துவிட்டார் என்று நினைத்தேன்.”

அங்கே டொச் விளங்காதவர் ஒருவரும் இல்லை. அப்போதாவது நான் எழும்பி, இவர் என்னுடைய அயலவர், இது நடந்த கதை, சிரித்தது பிழை என்று சொல்லியிருக்கவேண்டும். தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்தைப் பார்த்தபடி இருந்தேன். யாரோ இரண்டு பேர் கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்கள். கிழவர் பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுத் தானே இறங்கி வந்தார்.

திரும்பிவரும்போது காரில் மன்னிப்புக் கேட்டேன். தெரிந்த டொச் எல்லாவற்றையும் போட்டுக் கேட்டேன். என் மச்சான் சத்தியம் செய்தான் என்றேன், நான் நம்பினேன் என்றேன், எனக்கே அருவருக்கும்வரை கதைத்தேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் தெரியவில்லை. ஏதோ வேலையை யோசிக்கிற ஆளைப்போல இருந்தார். எங்கள் ஊருக்குத் திரும்புகிற சந்தி வந்ததும் பேசினார்.

“எனக்கு முன்னால் நீங்கள் செத்தால் நான்தான் போய்ச் சொல்லவேண்டும்” என்றார். “நான் போவேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போவேன். ஆனால் இனி நான் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.”