தண்ணீர் குடிக்கும் முருகன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். திருத்தணியில் என் வீட்டுக்காரர் சாமிப் படம் வரைந்து பிழைத்துவந்தார். வள்ளி கல்யாணத்தைச் செய்யுளில் சொல்லும் ஒரு காவியத்தை அரக்கோணத்துப் பதிப்பாளர் ஒருவர் அச்சிடவிருந்தார். படங்கள் எல்லாம் இவர் பொறுப்பு. முதலில் எடுத்துக்கொண்டது, முருகன் கிழவராக வேஷம் போட்டு வந்து தினைப்புனத்தில் வள்ளியிடம் வம்பு பண்ணும் கட்டம்.

ஆளைப் பார்க்காமல் இவருக்குக் கை ஓடாது. வள்ளியாக உட்கார நான் இருந்தேன். கிழவராக, அம்மையார்குப்பத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த என் நைனாவையே பிடித்து உட்கார வைத்துவிட்டார். என்னைப் பெற்றவர் என்னை ஆசையோடு பார்க்க வேண்டுமாம்! மகா புத்திசாலி. நைனா தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல்.

"இன்னா மாப்ளே, எம்மா நேரம் குந்திகினு இருக்கறது? தொண்ட காயுது" என்றார் நைனா.

நான் சொம்பை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்டியே இருங்க மாமா!" என்று இவர் கத்தினார்.

கதையிலும் கிழவர் தினைமாவைத் தின்று, விக்கி, தண்ணீர் கேட்பார். இவர் அதை வரைந்துவிட்டார். ஆசைக்காரச் சாமி தாகக்காரச் சாமியாகிவிட்டது.

அடுத்த மாதமே நைனா காய்ச்சலில் போய்விட்டார். அவரை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை.

பதிப்பாளர் வந்து படத்தைப் பார்த்தார். "கெழவன் கண்ணுல குறும்பே இல்லியே. தண்ணிக்கு வந்தவன் மாரி கீறான். இவன முருகன்னு எவன் கும்புடுவான்? கண்ண மாத்திக் குடுங்க, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

இவர் தூரிகையைக் கையில் எடுத்தார். அந்தப் படத்தை விட்டால் நைனாவின் கண் எனக்கு வேறெங்கே இருக்கிறது?

"இன்னாங்க, அத்த மட்டும் தொடாதீங்க" என்று வந்தவர் எதிரிலேயே அழுதேன்.

இவர் கண்ணை விட்டுவிட்டு, கிழவரின் தலைக்குப் பின்னால் மஞ்சளில் ஒரு ஒளிவட்டம் போட்டார்.

"ஆங், இப்ப சாமி" என்றார் பதிப்பாளர்.

புத்தகம் வந்ததும் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டினோம். ஆடிக் கிருத்திகைக்கு மலையேற வரும் உறவுக்காரர்கள் அதன் முன்னால் "முருகா, முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் பக்கத்தில் நின்று கைகூப்புவேன். என் வாயில் முருகா வராது. நைனா என்றுதான் வரும்.